உயிருள்ள கலத்தைத் தொட்டறியும் ஊசிமுனை

மார்பில் கட்டி இருப்பதாகக் கூறி வரும் நோயாளியை மருத்துவர் முதலில் விரல்களால் அழுத்திப் பார்க்கிறார். சுற்றியுள்ள இழையத்தை விடக் கட்டி இறுகியிருப்பின் அவரது ஐயம் வலுக்கிறது. நோய் உடலின் மென்மையையும் கடினத்தையும் மாற்றும் என்பதை மருத்துவம் நெடுங்காலமாகவே அறிந்துள்ளது. ஆயின், அதே தொடுகைப் பரிசோதனையைக் கண்ணுக்குப் புலப்படாத தனியொரு கலத்தின் மீது, அதுவும் அக்கலம் உயிருடன் இருக்கும்போதே, நடத்த முடியுமா? முடியும் என்பதை அணுவிசை நுணுக்குக்காட்டி எடுத்துக்காட்டியுள்ளது.

மின்னோட்டத்தின் துணையுடன் ஒரு மேற்பரப்பை வருடி, அதன் அணுக்களைத் தனித்தனியே காட்டும் கருவியொன்றை கேர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் சூரிச் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் 1981 இல் உருவாக்கினர். 1986 ஆம் ஆண்டின் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் இவ்விருவரும் பங்கு பெற்றனர். எனினும் மின்னைக் கடத்தும் பொருட்களை மட்டுமே அக்கருவியால் ஆராய முடிந்தது. இக்குறையை நீக்க பின்னிக், கல்வின் குவேற், கிறிஸ்தோப் கேர்பர் ஆகிய மூவரும் 1986 இல் அறிமுகப்படுத்தியதே அணுவிசை நுணுக்குக்காட்டியாகும்.

பெயரில் நுணுக்குக்காட்டி எனினும் இது வில்லைகளால் உருப்பெருக்கிப் பார்ப்பதில்லை; தடவிப் பார்க்கிறது. மயிரிழை போன்ற நெகிழும் தகடொன்றின் நுனியில் நுண்ணிய ஊசிமுனை பொருத்தப்பட்டிருக்கும். முனை கலத்தை அழுத்தும்போது தகடு வளைகிறது. தகட்டின் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளிக்கற்றையின் இடப்பெயர்ச்சி அவ்வளைவைக் காட்டிக் கொடுக்கிறது. வளைவின் அளவு தெரிந்தால் ஊக்கின் விதிப்படி விசையைக் கணிக்கலாம். முனை எவ்வளவு ஆழம் பதிந்தது, அதற்கு எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்ற இரண்டையும் ஒப்பிட்டு, 1882 இல் ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் வகுத்த தொடுகைக் கோட்பாட்டின் துணையுடன் கலத்தின் மீள்தன்மை கணிக்கப்படுகிறது. இங்கு கையாளப்படும் விசை பெரும்பாலும் ஒரு நியூட்டனின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவினது அல்லது அதனினும் சிறியது.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைப்பதற்குக் கலத்தைப் பொதுவாகப் பதப்படுத்தி உலர்த்த வேண்டும். அதாவது அதனைக் கொன்றாக வேண்டும். அணுவிசை நுணுக்குக்காட்டியோ போசணைத் திரவத்தினுள், உடல் வெப்பநிலையிலேயே இயங்க வல்லது. கலம் நகர்வதையும் மருந்தொன்றுக்கு எதிர்வினை காட்டுவதையும் அளந்தறிய இதனால் முடிகிறது.

இதன் பெறுமதியை உணர்த்திய ஆய்வொன்று 2007 இல் வெளியானது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புற்றுநோய் ஐயத்துக்குரிய நோயாளரின் நெஞ்சறைத் திரவத்திலிருந்து பெற்ற உயிருள்ள கலங்களை அழுத்திப் பார்த்தனர். வடிவத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்த கலங்களிடையே கூட, பரவும் புற்றுநோய்க் கலங்கள் சாதாரண கலங்களை விட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. கண்ணை ஏமாற்றிய கலம் தொடுகையில் அகப்பட்டுக் கொண்டது.

கட்டி கடினமாயிருக்க, அதிலுள்ள கலம் மென்மையாயிருப்பது முரண்பாடாகத் தோன்றலாம். கட்டியின் இறுக்கத்துக்குக் கலங்களைச் சூழ்ந்து திரளும் கொலாஜன் நார்களே பெரிதும் காரணம். கலத்தின் உறுதியோ அதனுள் இருக்கும் அக்ரின் முதலிய இழைகளாலான குழியவன்கூட்டில் தங்கியுள்ளது. இவ்விழைகளின் ஒழுங்கு குலையும்போது கலம் இளகுகிறது. குருதிக் கலன்களின் சுவரிலுள்ள நுண்ணிய இடைவெளிகளுக்குள் நெளிந்து புகுந்து வேறு உறுப்புகளுக்குப் பரவ இந்த இளக்கம் துணைபுரிகிறது எனக் கருதப்படுகிறது. 2012 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்பு இழைய மாதிரிகளை அளந்தபோதும், புற்றுக்கட்டிகளில் மிக மென்மையான பகுதிகளும் கடினமான பகுதிகளும் கலந்தே காணப்பட்டன.

எனினும் இம்முறையை உடனடித் தீர்வாகக் கொள்வது தவறாகும். ஒரே கலத்தை விரைவாக அழுத்தினால் கடினமாகவும் மெதுவாக அழுத்தினால் மென்மையாகவும் தோன்றும். கருவுக்கு மேலே கிடைக்கும் பெறுமானம் விளிம்பில் கிடைப்பதில்லை. மெல்லிய விளிம்பில் ஆழமாக அழுத்தினால் அடியிலுள்ள கண்ணாடியின் கடினமே பதிவாகும். முனையின் வடிவமும் முடிவை மாற்றும். ஆகவே ஓர் ஆய்வுகூடத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணுடன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது. கலங்களை ஒவ்வொன்றாக அளப்பதற்குக் காலமும் பயிற்சியும் தேவை. பொதுவான அளவீட்டு நியமங்கள் வேரூன்றாமல் இது வைத்தியசாலைகளின் அன்றாடப் பரிசோதனையாக மாறுவது கடினம்.

புற்றுநோயாளரைப் பொறுத்தவரை, ஒரு கட்டி பரவுமா பரவாதா என்ற கேள்வியே சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. தேவையற்ற கடும் சிகிச்சையிலிருந்து ஒருவரைக் காப்பதும், தேவையானவருக்கு அதனைக் காலந்தாழ்த்தாது வழங்குவதும் அதற்கான விடையிலேயே தங்கியுள்ளன. அவ்விடைக்குக் கலத்தின் தோற்றத்துடன் அதன் மென்மையும் சான்றாகும் நாள் வருமாயின், மருத்துவரின் விரல் நுனி செய்துவந்த பழைய பணியையே ஊசிமுனை மேலும் நுட்பமாகச் செய்கிறது எனலாம். அதுவரை, கட்டியொன்றை உணர்ந்தவர் தாமதியாது மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.