இதயம் தேறியது, மூளையைக் கவனிப்பது யார்?

மத்திய, மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களால், பெரும் செலவு பிடிக்கும் இதய அறுவைச் சிகிச்சை இன்று ஏழைகளுக்கும் எட்டியுள்ளது. ஆனால், அச்சிகிச்சைக்குப் பின் மூளையில் தோன்றக்கூடிய பாதிப்புகளைக் கண்காணிப்பது பெரும்பாலும் அத்திட்டங்களின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழர் மிகுந்து வாழும் மாரிகுப்பம் போன்ற பகுதிகளை இக்குறை கூடுதலாகப் பாதிக்கிறது.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று 45 வயதில் வேலை இழந்த தொழிலாளி இப்போது 70 வயதை ஒட்டி நிற்கிறார். இதய நோய்க்கு உயர் சிகிச்சை தேவைப்பட்டால், மாரிகுப்பத்தில் ரயிலேறி சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்குச் செல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை அங்கே. அதன்பின் வாழ்க்கை இங்கே.

சுரங்கம் மூடப்பட்ட அதே மாதத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பைபாஸ் சிகிச்சை பெற்ற 261 பேரைத் தொடர்ந்து கண்காணித்ததில், வீடு திரும்பும்போது 53 சதவீதத்தினருக்கு நினைவாற்றல், கவனம் போன்ற திறன்கள் குறைந்திருந்தன. ஆறு மாதங்களில் இது 24 சதவீதமாகக் குறைந்தது. எனினும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 42 சதவீதமாக உயர்ந்தது.

நீண்டகாலச் சரிவுக்கு அறுவைச் சிகிச்சையே காரணம் என்று கூற முடியாது. அறுவைச் சிகிச்சை பெறாத இதய நோயாளிகளிடமும் இத்தகைய சரிவு இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், ரத்தக் குழாய் அடைப்பு ஆகியவை இதயத்தோடு மூளையையும் தாக்குகின்றன. எனவே, அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்பது தவறு. சிகிச்சையோடு கண்காணிப்பை நிறுத்திக்கொள்வதும் தவறு.

பாதிப்புகள் பல வகைப்படும். பைபாஸ் நோயாளிகளில் 100-க்கு ஓரிருவருக்குப் பக்கவாதம் வரலாம். முதல் சில நாள்களில் மனக்குழப்பம் ஏற்படுவது இதைவிட மிகுதி. பிதற்றுவோர் உடனே கவனிக்கப்படுவர். பேசாமல் சோர்ந்து கிடப்போரைத் "தூங்குகிறார்' என விட்டுவிடுவதே ஆபத்து. அறுவைச் சிகிச்சையின்போது நெற்றியில் ஒட்டப்படும் உணரிகள் மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்டும். பின்னர், குறிப்பிட்ட எழுத்து ஒலிக்கும்போது கையை அழுத்தச் சொல்லும் எளிய சோதனையை செவிலியரே சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

இங்குதான் மொழிச் சிக்கல் எழுகிறது. நோயாளிக்குப் புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு அவர் விடை தராவிட்டால், அது மூளையின் குறையா, மொழியின் குறையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அறிவாற்றல் சோதனைத் தொகுப்பு முதற்கட்டமாக ஹிந்தி, வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்படுத்தப்பட்டபோது, தமிழ் அதில் இடம்பெறவில்லை. கன்னட நாட்டில் வாழும் தமிழ் முதியவருக்கு இது சிறிய விஷயமன்று.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு அளிக்கிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, இது விரிவுபடுத்தப்பட்டது. வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவும் இதில் அடங்கும். ஆனால், மறதியும் தடுமாற்றமும் வெளிப்படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகே, மருந்து வேளையை மறப்பதையும், கணக்கில் தவறுவதையும் வீட்டார் "வயதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

தீர்வு தொலைவில் இல்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம், நீதி ஆயோக், கர்நாடக அரசு ஆகியவை இணைந்து 2022-இல் தொடங்கிய மூளை நலத் திட்டத்தின் முன்னோடி மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியின் நினைவாற்றலை அவரது தாய்மொழியில் பதிவு செய்து, ஆறு வாரம், ஆறு மாதம், ஓராண்டு என அவரது ஊருக்கு அருகிலேயே மீண்டும் சோதிக்க இந்த அமைப்பைப் பயன்படுத்தலாம். காப்பீட்டுத் திட்டத்தின் 15 நாள் வரம்பையும் இதற்கேற்ப நீட்டிக்க வேண்டும்.

நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் இதயத்தைக் காக்க அரசு செலவிடுகிறது. அவர்களின் நினைவைக் காக்கவும் அதே அரசு முன்வர வேண்டும்.