அடைக்கு அமர்ந்த கோழி

முட்டைக் கூடையை விட்டு எழுந்திருக்க மறுக்கும் கோழியைக் கண்டால், சோம்பல் பிடித்துவிட்டது என்பார் சிலர். நோய் கண்டுவிட்டது என அஞ்சிச் சந்தைக்கு அனுப்பிவிடுவார் வேறு சிலர். பெரும்பாலும் இவ்விரண்டும் உண்மையல்ல. அக்கோழி அடைக்கு அமர்ந்திருக்கிறது.

முட்டையிட வந்த கோழி சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள் கூடையை விட்டு இறங்கிக் கொக்கரிக்கும். அடைக்கோழியோ இரவிலும் அங்கேயே தங்கும். கையை நீட்டினால் இறகுகளைச் சிலிர்த்துக் கொண்டு கொத்த வரும். தாழ்ந்த குரலில் ‘கொக், கொக்’ என்று இடைவிடாது ஒலிக்கும். தினம் ஓரிரு முறை மட்டும் இறங்கி, அவசரமாகத் தின்று, ஒரே குவியலாக எச்சமிட்டுத் திரும்பும். மார்பில் இறகு உதிர்ந்து, தோல் சூடாக இருக்கும். அச்சூடு முட்டைக்கு நேரே படுவதற்காகவே அவ்விடம் வெறுமையாகிறது.

இம்மாறுதலுக்குக் காரணம் கோழியின் பிடிவாதமன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ரசம் ரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது. அமெரிக்காவில் ரிடில், பேட்ஸ், லார் என்போர் இந்த ரசத்தைக் கோழிகளுக்குச் செலுத்தி, அவற்றை அடைக்கு அமரச் செய்ததை 1935-ம் வருஷத்தில் வெளியிட்டனர். ரசம் மிகுந்ததும் சூலகம் சுருங்கி, முட்டையிடுவது நின்றுவிடும். வெப்பமும் மறைவும் பொருந்திய இடம், எடுக்கப்படாமல் சேர்ந்த முட்டைகள் மார்பில் படுவது ஆகியவை இதைத் தூண்டுகின்றன. நாட்டுக் கோழி பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டவுடன் அடைக்கு வருவது இயல்பு. வெள்ளை லெகார்ன் ஜாதியில் இக்குணம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விலக்கப்பட்டதால் மிக அரிது.

வாலைத் தொங்கவிட்டு, முக்கி முக்கி நிற்கும் கோழிக்கு முட்டை சிக்கியிருக்கலாம். சிலிர்ப்பும் சீற்றமும் இல்லாமல், கண் மூடி ஒடுங்கிக் கிடப்பது நோயின் குறி. இவற்றைப் பிரித்தறிந்த பின்பே மேற்கொண்டு செய்யவேண்டும்.

நான்கு கோழி வைத்திருக்கும் குடும்பத்தில் முட்டைக் காசு உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆகும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. அடைக்கு வந்த கோழியை முட்டை வையாமலும், கலைக்காமலும் வெறுங்கூடையில் விட்டுவைப்பதே பெரிய நஷ்டம். வாரக்கணக்கில் அது முட்டையும் தராது, குஞ்சும் தராது, உடல் மெலியும், புழுதியில் புரளாததால் கோழிச்செல்லும் பேனும் பற்றும். ஆகையால் அடை வைப்பதா, கலைப்பதா என்பதை முதல் இரண்டு நாட்களிலேயே தீர்மானிக்கவேண்டும்.

கலைப்பதற்காக மூக்கில் இறகு குத்துவதும், தண்ணீரில் முக்குவதும் கிராமங்களில் காணப்படும் வழக்கங்கள். முதலாவது வெறும் கொடுமை. கோழிக்கு வேண்டியது அடிவயிற்றில் காற்றுப் படுவதுதான். அடிப்புறம் சட்டமோ கம்பி வலையோ உள்ள கூண்டை நிழலில் ஓரடி உயர்த்தி வைத்து, வைக்கோல் எதுவும் இடாமல் கோழியை அடைக்கவேண்டும். தீனியும் தண்ணீரும் குறைக்கலாகாது. மூன்று நான்கு தினங்களில் பெரும்பாலான கோழிகள் தெளியும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் மறுபடி முட்டையிடும். கூடைக்கே திரும்புமானால் மீண்டும் கூண்டில் விடவேண்டும்.

அடை வைப்பதானால், சேவலுடன் திரியும் கோழிகளின் முட்டைகளில் ஒரு வாரத்துக்கு மேற்படாதவற்றைப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி, ஒவ்வொன்றிலும் கரியால் கோடு இடுவது நல்லது. மற்றக் கோழி வந்து புது முட்டை இட்டால் கோடில்லாததை அன்றே எடுத்துவிடலாம். இல்லையேல் சில குஞ்சுகள் பொரித்தவுடன் தாய் எழுந்துவிட, பிந்திய முட்டைகள் பாதியில் கெடும். ஏழாம் நாள் இரவில் விளக்கெதிரில் பிடித்துப் பார்த்து, நரம்போடாத வெறும் முட்டைகளை நீக்கிவிடலாம். இருபத்தோராம் நாளில் பொரிக்கும். கோழியை வேறிடத்துக்கு மாற்றவேண்டுமாயின் இருட்டிய பிறகே மாற்றவேண்டும். பகலில் மாற்றியது பழைய கூடையைத் தேடி ஓடும்.