எக்ஸ் போட்ட வீட்டுக்கு இரண்டு சொட்டு!

குட்டீஸ்... உங்களுக்கு ஒரு புதிர்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போகும்போது, ஒரு பல்சக்கரம் வரைந்த போர்டைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நிறுத்த நிழற்குடையில் இருக்கும். பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டியில் இருக்கும். கண் பரிசோதனை முகாம் பேனரில் இருக்கும். அந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல்? எண்ணியிருக்கிறீர்களா?

மொத்தம் 24 பல். உள்ளே ஆறு ஆரக்கால். இன்னும் உற்றுப் பார்த்தால், நடுவில் இருக்கும் துளையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு தெரியும். 'பெயின்டர் மாமா கை தவறிவிட்டார் போல' என்று நினைத்து விடாதீர்கள்! உங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். 'அடடே... இது கீவே ஆச்சே!' என்பார். சக்கரத்தையும், அதைச் சுழற்றும் தண்டையும் ஒரு சின்ன இரும்புத் துண்டு கொண்டு பூட்டும் இடம் அது. அந்த வெட்டு இல்லாவிட்டால் தண்டு பாட்டுக்குச் சுழலும். சக்கரம் வெறுமனே நிற்கும். முதலில் வரைந்த சின்னத்தில் இந்த வெட்டு கிடையாதாம். 'இப்படி ஒரு சக்கரத்தால் வேலையே நடக்காதே' என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்ல, 1920களில் சேர்த்தார்கள்.

இந்தச் சக்கரத்துக்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? ரோட்டரி சங்கம்!

அமெரிக்காவின் சிகாகோ நகரில், 1905 பிப்ரவரி 23 அன்று இரவு, நான்கு நண்பர்கள் கூடினார்கள். பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், ஒரு தையல்காரர். இந்த வாரம் இவர் அலுவலகம், அடுத்த வாரம் அவர் கடை என்று இடத்தைச் சுற்றிச் சுற்றி மாற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர். ஊருக்காக இவர்கள் செய்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? சிரிக்கக் கூடாது... பொதுக் கழிப்பறை! 1907ல் சிகாகோவில் அதற்காக ஓடியாடி முயற்சி செய்தார்கள். வெளியூரிலிருந்து கடைத்தெருவுக்கு வந்து, இடம் தெரியாமல் தவித்தவர்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய உதவி என்று!

நம் சென்னையில் 1929ல் ரோட்டரி சங்கம் வந்துவிட்டது. பிறகு புறநகர்களுக்கும் பரவியது. இதுபோலவே அரிமா சங்கம் என்றும் ஒன்று உண்டு. அதுதான் லயன்ஸ் கிளப். அவர்கள் கதை தனிக்கதை. அது இன்னொரு நாளைக்கு!

சரி... இந்தச் சங்கங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். அது கூட்டச் செலவுக்கே சரியாகிவிடும். ஏதாவது பெரிய வேலை என்றால் வசூலில் இறங்க வேண்டியதுதான். இசைக் கச்சேரி வைத்து 'டோனர் பாஸ்' விற்பார்கள். மலர் போட்டு, கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்குவார்கள். 'போன வருஷம்தானே சார் கொடுத்தேன்' என்று சொல்லும் ஹார்டுவேர் கடைக்காரர் எதிரே பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். உலகம் முழுக்கப் பல ரோட்டரி சங்கங்களில் ஒரு வேடிக்கையான பழக்கமும் உண்டு. கூட்டத்துக்கு லேட்டாக வந்தால் அபராதம்! பிறந்த நாளா? அதற்கும் அபராதம்! புதுக் கார் வாங்கினீர்களா? சிரித்துக் கொண்டே எடுத்து வையுங்கள் உண்டியலில்! நம் வகுப்பில் இப்படி ஒரு உண்டியல் வைத்தால், லேட்டாக வருபவர்களாலேயே ஒரு நூலகம் வந்துவிடும்.

இப்படிச் சேரும் சின்னச் சின்னப் பணம் என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? ஒரு பெரிய கணக்கு சொல்கிறேன்.

உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் பள்ளிக்கால குரூப் போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓரமாக, முன் வரிசையில், காலில் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் கட்டிய ஒரு பையனோ, சிறுமியோ உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கம்பிக்கு 'காலிப்பர்' என்று பெயர். நடந்தால் 'டக்... டக்...' என்று சத்தம் வரும். விளையாட்டு பீரியடில் எல்லாரும் மைதானத்துக்கு ஓட, அந்தப் பிள்ளை வகுப்பிலேயே பைகளுக்குக் காவல் இருக்கும். காரணம், போலியோ என்ற இளம்பிள்ளை வாதம்.

போலியோ வைரஸ், மலம் கலந்த அழுக்குத் தண்ணீர் வழியாகவும், கழுவாத கை வழியாகவும் வாய்க்குள் போகும். குடலில் பெருகும். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் நரம்பைத் தாக்கும். இரவு காய்ச்சலோடு படுத்த குழந்தை, காலையில் எழுந்து நிற்க முடியாமல் துவண்டு விழும். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. 1988ல் உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 3,50,000 பேருக்கு இப்படி வந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர்!

வராமல் தடுக்க மட்டும் மருந்து இருந்தது. வாயில் இரண்டு சொட்டு. ஊசி கூட வேண்டாம். 1979ல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்கு இந்த மருந்தை வாங்கிக் கொடுக்க ரோட்டரி முன்வந்தது. அது நன்றாக நடக்கவும், 'உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் கொடுத்தால் என்ன?' என்று 1985ல் ஆசைப்பட்டார்கள். டாக்டர்கள் அல்ல, ஆசைப்பட்டவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், வியாபாரிகள், பட்டறைக்காரர்கள்!

12 கோடி டாலர் சேர்ப்பது என்று இலக்கு வைத்தார்கள். ஊர் ஊராக, சங்கம் சங்கமாக உண்டியல் குலுங்கியது. முடித்து எண்ணிப் பார்த்தால்... 24 கோடியே 70 லட்சம் டாலர்! கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குள் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் எல்லாம் கைகோத்து, 1988ல் 'போலியோவை உலகத்திலிருந்தே ஒழிப்போம்' என்று கிளம்பிவிட்டன.

பணம் வந்துவிட்டது. மருந்தும் வந்துவிட்டது. வேலை முடிந்ததா? அதுதான் இல்லை குட்டீஸ்! இனிமேல்தான் கஷ்டமே.

சொட்டு மருந்துக்கு வெயில் ஆகாது. தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் வாய் வரை குளிரிலேயே வர வேண்டும். ஐஸ் கட்டி அடுக்கிய பெட்டியை நர்ஸ் அக்கா தோளில் மாட்டிக் கொண்டு வருவாரே, அதற்குத்தான். வழியில் மருந்து கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? பாட்டிலின் லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால், பாட்டிலைத் தூர வைத்துவிட வேண்டியதுதான். படிப்பு இல்லாதவர்கள் கூடப் பார்த்தவுடன் புரிந்து கொள்ளலாம். என்ன ஒரு மூளை!

இன்னொரு சிக்கல். மற்ற நாடுகளில் மூன்று தவணை போதும் என்றார்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்கு அது போதவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான் இதை ஆராய்ந்து சொன்னவர். ஆகவே பலமுறை கொடுக்க வேண்டும். அதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில்! அப்போதுதான், இந்தக் குடலை விட்டால் அந்தக் குடல் என்று தாவ முடியாமல் வைரஸ் தவிக்கும். 1995 டிசம்பர் 9ல் நாடு முழுக்க அப்படி ஒரு நாள் நடந்தது. அதுதான் பல்ஸ் போலியோ. பின்னாளில் ஒரே சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போனது. இதற்கான பெரும் பணமும், ஆட்களும் நம் அரசுகள் கொடுத்தவை. வெயிலில் அலைந்தவர்கள் நர்சுகளும் அங்கன்வாடி அக்காக்களும். ரோட்டரிக்காரர்கள் பேனர் கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், வண்டி கொடுத்தார்கள், மேசைக்குப் பின்னால் தாங்களும் உட்கார்ந்தார்கள். சொட்டு போட்ட குழந்தையின் இடது சுண்டு விரலில் மை வைப்பார்கள். ஓட்டுப் போட்ட பெரியவர்கள் மாதிரி விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குட்டிகள் வீட்டுக்கு ஓடும்!

வராத குழந்தைகளை என்ன செய்வது?

மறுநாள் வீடு வீடாகப் போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் போட்டாகிவிட்டது என்றால் சுவரில் சாக்பீசால் 'பி' என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விட்டுப் போனாலும் 'எக்ஸ்'. பாப்பா தூங்குகிறது, பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது, காய்ச்சல், 'எங்களுக்கு வேண்டாம்'... காரணம் எதுவானாலும் எக்ஸ்தான். எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில், இந்த மருந்து கெடுதல் செய்யும் என்று வதந்தி கிளம்பியது. அங்கே ரோட்டரிக்காரர்கள் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களைக் கொண்டே மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அங்கே உங்களைப் போன்ற சிறுவர், சிறுமியரின் கூட்டமும் உண்டு. 'புலாவா டோலி' என்று பெயர். அழைப்புப் படை என்று வைத்துக் கொள்ளுங்களேன். சத்தம் போட்டுக்கொண்டே தெருவில் ஓடி, வாண்டுகளைக் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். பெரியவர்கள் சொன்னால் கதவைச் சாத்தும் வீடு கூட, பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கூப்பிட்டால் திறக்கும் அல்லவா?

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ தலைகாட்டவில்லை. 'அப்புறம் எதற்கு எங்கள் தம்பிக்கு இன்னும் சொட்டு மருந்து?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அம்பத்தூர், ஆவடி ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்த குடும்பங்கள் மூட்டையோடும் குழந்தையோடும் இறங்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் தங்கும். இன்னும் தள்ளிப் போனால் செங்கல் சூளைகள். மூன்று மாதத்தில் இடம் மாறிவிடும் அந்தக் குழந்தைகளின் பெயர் எந்த அங்கன்வாடி நோட்டிலும் இருக்காது. சுவரே இல்லாத வீட்டில் எக்ஸ் எங்கே போடுவது? அதனால்தான் ரயில் நிலையத்திலும், பஸ் நிலையத்திலும் மேசை போட்டார்கள். சூளைகளுக்கும் கட்டட வேலை இடங்களுக்கும் நடமாடும் குழுக்கள் போயின. என்னைக் கேட்டால், 24 கோடி டாலர் சேர்த்ததை விட இதுதான் கஷ்டமான வேலை. பெரிய மனிதர்களிடம் நன்கொடை கேட்கும்போது போட்டோ எடுப்பார்கள். சூளைப் புழுதியில் யார் எடுக்கப் போகிறார்கள்?

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 2009ல் 741 பேருக்குப் போலியோ. 2010ல் 42 பேர். 2011ல்... ஒன்றே ஒன்று! ஜனவரி 13ம் தேதி, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் இரண்டு வயது கூட நிரம்பாத ஒரு சிறுமி. அவளுக்குச் சொட்டு மருந்து கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அவளுக்குப் பிறகு யாருமில்லை. 2014 மார்ச் 27ல், 'போலியோ இல்லாத நாடு' என்ற சான்று நமக்குக் கிடைத்தது.

ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் இருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட், விசா எதுவும் தேவையில்லையே! அதனால்தான் நம் ஊரிலும் சொட்டு மருந்து முகாம்கள் தொடர்ந்தன. 2024 மார்ச் 3ல் கூடத் தமிழ்நாடு முழுக்க நடந்தது. ரோட்டரிக்காரர்கள் இன்னும் உண்டியலை மூடவில்லை. போலியோவுக்காக மட்டும் இதுவரை 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள்.

'நாங்களும் சேரலாமா?' என்கிறீர்களா? 12 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 'இன்டராக்ட்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. ரோட்டரி நடத்தும் பிள்ளைகள் சங்கம். 1962ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பள்ளியில் முதலாவது தொடங்கியது. உலகத்திலேயே இரண்டாவது எங்கே தொடங்கியது தெரியுமா? லண்டனா, பாரீசா? ஊகூம்... நம் தஞ்சாவூரில்! அதே ஆண்டில். உங்கள் பள்ளியில் இன்டராக்ட் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை தம்பிப் பாப்பாவையோ, தங்கச்சிப் பாப்பாவையோ தூக்கிக் கொண்டு சொட்டு மருந்து மேசைக்குப் போனால், 'அக்கா, அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்களேன்' என்று கேளுங்கள். வட்டத்துக்குள் சதுரம் வெளிறி இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது, உங்கள் தெருக்கோடியில் புதுக் கட்டடம் எழும்புகிறதே, அங்கே மணலில் விளையாடும் வாண்டின் இடது சுண்டு விரலையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள். மை இல்லையென்றால், மேசை இருக்கும் இடத்தை அதன் அம்மாவுக்குக் காட்ட இரண்டு நிமிடம் ஆகுமா?