தார்க் கறையா? பெட்ரோலைத் தேடாதீங்க!

தெருவில் புதுசாகத் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். ஸ்கூல் விட்டு வந்த பையன் செருப்போடு ஹாலுக்குள் ஓடி வருகிறான். ஆசையாக வாங்கிப் போட்ட கார்ப்பெட்டில் கறுப்புக் கறுப்பாக நாலு திட்டு! உடனே என்ன செய்வீர்கள்? "ஏங்க, வண்டியிலேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துட்டு வாங்களேன்!" என்று வீட்டுக்காரரை விரட்டுவீர்கள், இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவுமே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் பரவும். பூஜையறை விளக்கு வரை அது போய்விட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கார்ப்பெட்டுக்கும் அது ஆகாது. அடிப்பக்கம் இழைகளைப் பிடித்திருக்கும் ரப்பர் பசை இளகிப்போய் இழை உதிர ஆரம்பித்துவிடும்.

எண்ணெய்க் கறைக்கு...

முதலில் தேய்க்காதீர்கள்! தேய்த்தால் கறை அகலமாகும், ஆழமாகவும் இறங்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். கலர் துணி வேண்டாம், சாயம் இறங்கிவிடும். பிறகு ஆப்ப சோடாவைக் கெட்டியாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் முகப் பவுடரைக் கொட்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆபத்து.

மிச்சம் இருக்கும் கறைக்கு, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒற்றுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள். சோப்பு தங்கிவிட்டால் அந்த இடத்தில் அழுக்கு வந்து அப்பிக்கொள்ளும்.

தார், கிரீஸுக்கு...

ஐஸ் கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்து நிமிஷம் கறைமேல் வையுங்கள். தார் இறுகிப்போகும். ஸ்பூன் முனையால் மெதுவாகச் சுரண்டினால் பெரும்பகுதி வந்துவிடும். ஒட்டியிருப்பதற்கு, துணியில் நாலு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டு ஒற்றுங்கள். காலில் ஒட்டிய தாருக்கு நம் பாட்டிமார்கள் செய்த வைத்தியம்தான்! தார் எண்ணெயில் கரையும். பிறகு அந்த எண்ணெயை, மேலே சொன்ன மாதிரி லிக்விட் தண்ணீரால் எடுத்துவிடுங்கள். கிரீஸுக்கும் முதலில் சுரண்டல், பிறகு ஆப்ப சோடா, கடைசியில் லிக்விட்.

எதைப் போடுவதானாலும் முதலில் சோபாவுக்கு அடியில் மறைவான மூலையில் போட்டுப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். பாலிபுரொப்பிலீன் இழை சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடும். கடைசியாக, ஃபேனைப் போட்டு நன்றாகக் காய விடுங்கள். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். வீஸிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இதை மறக்காதீங்க!

பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ டம்ளரிலும் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தில் வரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான்!

குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் இதனால் அதிக ஆபத்து. வாந்தி வரும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாக மாறிவிடலாம். நனைந்த உடையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைக்கு இருமலோ, மூச்சு வாங்குவதோ, மயக்கமோ இருந்தால் அதற்காகவும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். குடித்த பாட்டிலையும் மறக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இவ்வளவு செய்தும் கறை முழுசாகப் போகவில்லையா? டீப்பாயை அதன்மேல் நகர்த்திப் போட்டால் போச்சு! அதற்காகப் பெட்ரோலை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.