கப்பலேற வழியில்லாத அந்தமான் குப்பை

புதுதில்லி: சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,200 கி.மீ. அரிசி, சிமெண்ட், பிஸ்கட் பொட்டலம் எனத் தீவுவாசிகளின் அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி கப்பலில்தான் செல்கிறது. பொருள் போய்ச் சேருகிறது. அதைச் சுற்றிய உறை திரும்புவதில்லை.

தீவுகளின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. குப்பை கொட்டவோ, மறுசுழற்சித் தொழிற்பேட்டை அமைக்கவோ இடம் அரிது. அமைத்தாலும், 2011 கணக்கெடுப்பின்படி 3.80 லட்சம் பேரே வாழும் தீவுகளில் சிதறிக் கிடக்கும் கழிவு, ஒரு பேராலைக்குப் போதாது. எனவே தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, தனியார் மூலம் கப்பலில் திருப்பி அனுப்புவதே நடைமுறைக்கு உகந்த வழி.

முன்பெல்லாம் திரும்பும் கப்பல்களில் அந்தமான் மரம் வந்தது. ஷேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின் அந்த வணிகம் முடங்கியது. இன்று போகும் சரக்கைவிட வரும் சரக்கு மிகக் குறைவு. இடம் இருக்கிறது; கூலி கொடுப்பார்தான் இல்லை.

இரும்பையும் அட்டைப்பெட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய பொருள் வியாபாரிகள் வாங்கிக்கொள்வர். நொறுக்குத்தீனி உறைக்கு விலை ஏது?

இத்தகைய கழிவுக்காகத்தான் 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கின. 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள், 2023-24 முதல் முழு அளவுக்கும் பொறுப்பேற்கச் சொல்கின்றன. ஆனால், அந்தமானில் விற்ற உறைக்கு ஈடாக, நிலப்பகுதியில் ஏதோ ஓர் ஆலையிடம் சான்றிதழ் வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும். கடல் கூலி கொடுத்துத் தீவுக் குப்பையை மீட்க எந்த நிறுவனம் முன்வரும்? தீவுகளுக்குத் தனி இலக்கு விதிப்பது பெரிய காரியமல்ல. சட்டப்பேரவை இல்லாத, ஒரே மக்களவை உறுப்பினரைக் கொண்ட யூனியன் பிரதேசத்துக்காக அதைத் தில்லிதான் செய்ய வேண்டும்.

கிரேட் நிகோபார் கடற்கரைகளில் ஒதுங்கும் பாட்டில்கள் தனிக்கதை. அவற்றில் மலேசியாவைச் சேர்ந்தவையே அதிகம் என்கிறது 2020-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. அவற்றுக்கு எந்த விதியிலும் உரிமையாளர் இல்லை. 2011-இல் சுமார் 8,000 பேர் வாழ்ந்த அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. எதிர்காலத்தில் அங்கு 3.5 லட்சம் பேர் வரை வாழ்வர் என்பது திட்ட மதிப்பீடு. அவர்கள் பிரித்துப்போடும் உறைகள் யார் கூலியில் கரை திரும்பும் என்பதற்குச் சான்றிதழ் முறையில் விடையில்லை.