சிறு டாங்கிகளும் அவற்றின் இரு நிறங்களும்

மேசையின்மீது போர்க்களம் அமைத்து, சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் விளையாட்டு மேனாடுகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைப் பயிற்சிக்காகக் கையாண்டனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டு, ஈயச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுத் தரையிலேயே ஆடுவதற்கு உரிய விதிகளை வகுத்தளித்தார். இன்று இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் பலர் ஆடும் நேரத்தைவிட, உருவங்களுக்கு வர்ணம் பூசுவதிலேயே மிகுதியான நேரத்தைச் செலவிடுகின்றனர். அவ்வாறு பூசப்படுவனவற்றுள் இரண்டாவது உலக மகாயுத்தத்தின் தொடக்கத்தில் ஜெர்மனி பயன்படுத்திய டாங்கிகளைப் பற்றி ஈண்டுக் காண்போம்.

ஜெர்மானியர் டாங்கியைப் ‘பன்ஸர்’ என்றனர். கவசம் என்பதே அச்சொல்லின் பொருள். ஆயினும் 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் போலந்துக்குள் புகுந்த டாங்கிகளுள் பெரும்பாலானவை, கதைகளில் வருவன போன்ற இரும்பு மலைகள் அல்ல. முதலாம் வகைப் பன்ஸரில் இருவரே அமர முடியும். அதன் ஆயுதம் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். கவசத்தின் கனம் 13 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் 20 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. பெரியவையான மூன்றாம், நான்காம் வகைகள் அப்போது குறைவே. 1939 மார்ச்சில் செக் நாட்டை விழுங்கியபோது கைப்பற்றிய செக் டாங்கிகளும் உடன் சென்றன. முதலாம் வகையின் உண்மையான நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். நூற்றில் ஒரு பங்காகச் செய்யும்போது அது 4 சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியினும் சிறியதாகிவிடும்.

இவற்றின் நிறம் என்ன? சாம்பல் நிறம் என்று எவரும் உடனே விடை கூறுவர். பல்லாண்டுகள் நூல்களும் அவ்வாறே கூறின. பொம்மைப் பெட்டிகளின் படங்களும் அவ்வாறே காட்டின. ஆனால் அது பாதி உண்மையே. 1937-இல் ஜெர்மானிய இராணுவம் பிறப்பித்த ஆணையின்படி, வண்டியின் மூன்றில் இரண்டு பங்கு கருஞ்சாம்பல் நிறமாகவும், ஒரு பங்கு கரும்பழுப்பு நிறமாகவும் இருத்தல் வேண்டும். 1940 ஜூலை இறுதியிலேதான், வர்ணத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, இனிச் சாம்பல் மட்டுமே போதும் என்று ஆணை வந்தது. ஆகவே போலந்திலும், 1940 மே மாதம் பிரான்சிலும் சென்ற டாங்கிகள் இருநிறம் கொண்டவை. இவ்வளவு பெரிய செய்தி மறைந்துபோனது எவ்வாறு? இரு வர்ணங்களும் கருமையில் ஏறத்தாழ ஒத்தவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் பழுப்பு வேறு, சாம்பல் வேறு என்று பிரித்தறிய இயலாது. வண்டியின்மேல் புழுதி படிந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. ஜென்ட்ஸ், டாயில் போன்ற ஆராய்ச்சியாளர்கள் படங்களை மட்டும் நம்பாது மூல ஆணைகளைத் தேடிப் படித்த பின்னரே உண்மை பரவலாயிற்று. அரசாங்க ஆணைகளை மொழிபெயர்த்தே பொழுதைப் போக்கும் நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி சற்று மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை அன்றோ!

இனிப் பூசும் முறை. பிசினாலான உருவமாயின், அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். இல்லையேல் வர்ணம் உரிந்துவிடும். நன்கு உலர்ந்தபின் அடிப்பூச்சு, அதன்மேல் சாம்பல். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஜெர்மானிய வர்ண அட்டவணையில் இன்று 7021 என்ற எண்ணுடைய கருஞ்சாம்பல் கருமைக்கு மிக நெருங்கியது. அதனை அப்படியே 4 சென்டிமீட்டர் உருவத்தில் பூசினால், மேசைமேல் கரித்துண்டு ஒன்று கிடப்பதுபோல் தோன்றும். சிறிய பொருளில் எந்த நிறமும் உள்ளதினும் கருமையாகவே தெரியும். ஆதலால் சிறிது வெளிர்சாம்பல் கலந்து பூசுதல் முறையே. ஆனால் சிலர் வானம்போல் நீலமாக்கிவிடுகின்றனர். அதனை நாம் ஏற்பதற்கில்லை.

பழுப்பை எவ்வளவு தெளிவாகக் காட்டுவது என்பது இதனினும் நுட்பமான வினா. உண்மைக்கு மாறாமல் பூசினால், மூன்றடித் தொலைவில் ஒருவர் கண்ணுக்கும் அது புலப்படாது, உழைத்தவர்க்கு ஏமாற்றமே. வெளிறிய பழுப்பைப் பூசினால் வரிக்குதிரை போலாகிவிடும். மறைந்து நிற்பதற்கென்றே பூசப்பட்ட வர்ணம் அது என்பதை நினைவிற்கொண்டு, அருகில் குனிந்து பார்ப்பவர்க்கு மட்டும் தெரியும் அளவில் நிறுத்துவதே தக்கது எனக் கருதுகிறோம். திட்டுகளின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இராது மெல்லக் கரைந்து கலத்தல் வேண்டும். பின்னர் நீர்த்த கரும்பழுப்பை இடுக்குகளில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பல் தோய்த்து விளிம்புகளை மட்டும் வருடினால், தகடுகளும் ஆணிகளும் எழுந்து நிற்கும். சங்கிலிப் பட்டைகளுக்கு வெள்ளி நிறம் பூசுவோர் உண்டு. மண்ணில் ஓடும் இரும்பு முழுதும் அவ்வாறு பளபளப்பதில்லை. கரும்பழுப்புப் பூசி, தரையில் உராயும் இடங்களில் மட்டும் இரும்பின் மினுமினுப்பைக் காட்டினால் போதும்.

சின்னத்தைக் குறித்தும் ஒரு சொல். போலந்துப் படையெடுப்பின்போது இவ்வண்டிகளில் பெரிய வெள்ளைச் சிலுவை வரையப்பட்டிருந்தது. தம்மவர் அடையாளம் கண்டுகொள்வதற்காக இட்ட அக்குறி, போலந்துப் பீரங்கிக்காரர்களுக்குக் குறிபார்க்க வாய்த்த இலக்காயிற்று! கருநிறத்தின் நடுவே பளிச்சென்ற வெள்ளை, வேறென்ன வேண்டும்? உள்ளே இருந்தவர்கள் அதன்மேல் சேற்றைப் பூசினர். சிலர் மஞ்சள் வர்ணத்தால் மூடினர். பிரான்சுப் போருக்குள், வெறும் வெள்ளை விளிம்பு மட்டும் கொண்ட சிலுவை வழக்கத்திற்கு வந்தது. ஆகவே 1939-ஆம் ஆண்டு வண்டியில் தூய வெள்ளைச் சிலுவையை ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அதன்மேல் சிறிது சேறு தடவுவதே உண்மைக்கு நெருங்கியது. வெற்றி ஊர்வலத்து வண்டியாக அதனை மினுக்கிக் காட்டுவதைவிட, உள்ளிருந்தவர் அஞ்சியதையும் அது காட்டிவிடுகிறது.

மேல்மூடியிலிருந்து தலை நீட்டும் வீரனை வைக்க விரும்புவோர், கறுப்புச் சீருடையும் கறுப்பு வட்டத்தொப்பியும் அணிவிக்கலாம். எல்லாம் முடிந்தபின், மினுக்கமற்ற வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை பூசி, கீழ்ப்பகுதியில் வெளிர்மண் நிறப் பொடியைத் தூவித் துடைத்துவிட்டால், போலந்தின் செப்டம்பர் மாதத்துப் புழுதி கிடைத்துவிடும்.