தெளிந்த கிணற்று நீரும் திறந்து வைத்த பிளீச்சிங் மூட்டையும்



சில வருடங்களுக்கு முன் கொரட்டூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் வாங்கிய துவரம் பருப்பைத் திருப்பிக் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, மூணு வீட்டுலேர்ந்து புகார். ஆறு விசில் விட்டாலும் வேகலைங்கிறாங்க" என்றார். அவருடைய தெருக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னோம். அதே பருப்பில் ஒரு பிடியைக் கேன் தண்ணீரிலும், ஒரு பிடியை அந்தக் கிணற்று நீரிலும் வேக வைத்துப் பார்த்தோம். கேன் தண்ணீரில் போட்டது குழைந்தது. கிணற்று நீரில் போட்டது விறைத்தே கிடந்தது. பழைய பருப்பும் வேகாதுதான், மறுக்கவில்லை. ஆனால் இது புதுச் சரக்கு. குற்றம் நீரின் கடினத்தன்மையில். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை வேக விடாது.

கடின நீர் இப்படித் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். தன்னைக் காட்டிக் கொள்ளாத கெடுதல் ஒன்று இருக்கிறது. அதை நாம் தெரிந்து கொண்டது 2023 டிசம்பரில்.

மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை முதல் கொரட்டூர், ஆவடி வரை பல தெருக்கள் நீரில் நின்றது நமக்கெல்லாம் நினைவிருக்கும். நமது வீட்டு உறைக்கிணற்றின் மேல் உறையைத் தாண்டித் தண்ணீர் நின்றது. செப்டிக் டேங்கும் மூழ்கியது. வடிந்த பிறகு இரண்டு நாள் மோட்டார் ஓட்டிக் கலங்கல் நீரை வெளியேற்றினோம். மூன்றாம் நாள் நீர் கண்ணாடி போல் வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஃபில்டர் விற்க வந்த ஒருவர் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டு, "410 தான் இருக்கு சார், 500க்குள்ளே இருந்தா நல்ல தண்ணி" என்றார். நம்பிக் குடித்தோம். ஒரு வாரத்திற்குள் பேரப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் டிரிப்ஸ். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலே என்ன தண்ணீர்?" என்பதுதான்.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. அது நீரில் கரைந்துள்ள உப்புகளை, மின்சாரம் பாய்வதை வைத்துக் கணக்கிடும். கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை சிறிது கலந்தாலும் எண் பெரிதாக மாறாது. சுவையும் தெளிவும் அப்படியே. 1854ல் லண்டனில் பிராட் தெருக் குழாய் நீர் ருசியாக இருக்கிறதென்று தூரத்திலிருந்தும் வரவழைத்துக் குடித்தவர் உண்டு. காலரா அந்த நீரில்தான் வந்தது என்று டாக்டர் ஜான் ஸ்நோ காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது கிணற்றுக்கு மூன்றடிக்குள்ளேயே கழிவுக்குழி இருந்தது.

நம் பக்கம் மட்டும் என்ன? கழிவுநீர் ஊறும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிரவுண்டு மனை 40க்கு 60 அடி. மனையின் முழு நீளமே 60 அடிதான்! நம் வீட்டில் முன்பக்கம் கிணறும் பின்பக்கம் டேங்கும் வைத்தாலும், பின்வீட்டுக்காரர் கிணறும் பக்கத்து வீட்டுக்காரர் டேங்கும் எங்கே இருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை.

கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எச்.டூ.எஸ். பாட்டில் என்று ஒன்று உண்டு. 1982ல் இந்திய விஞ்ஞானிகள் மூவர் வெளியிட்ட முறை. பாட்டிலில் குறித்த கோடு வரை நீரை ஊற்றி மூடி, நம்மூர் வெப்பத்தில் அப்படியே வைக்க வேண்டியதுதான். 24 முதல் 48 மணி நேரத்தில் நீர் கறுத்தால் மலக் கழிவு கலந்திருக்கக் கூடும் என்று பொருள். (இயற்கையாகவே அழுகல் முட்டை வாடை அடிக்கும் நிலத்தடி நீரும் கறுப்புக் காட்டும். அதற்கு லேப் பரிசோதனைதான் வழி.) நமது கிணற்று நீர் மறுநாள் காலையிலேயே மை போலக் கறுத்துவிட்டது.

உடனே குடோனிலிருந்து பிளீச்சிங் பவுடர் எடுத்துக் கரைத்து ஊற்றினோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் பாட்டில் வைத்தோம். மீண்டும் கறுப்பு. அப்போதுதான் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தோம். கட்டி கட்டியாக, ஈரப்பசையோடு, வாடையே இல்லாமல் இருந்தது. முந்தின மழைக்காலத்தில் பிரித்த மூட்டை! பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் குளோரின் போய்விடும், சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். நாம் கிணற்றில் போட்டது வெறும் சுண்ணாம்பு.

இதில் நம் வீட்டுக் கதையை விடப் பெரிய சங்கதி, வெள்ளம் வடிந்த அந்த வாரம் முழுக்க அதே மூட்டையிலிருந்துதான் பொட்டலம் கட்டி விற்றிருந்தோம் என்பது. கடன் நோட்டில் பெயர் இருந்த சில்லறைக் கடைகளுக்குப் போன் செய்து, புதுச் சரக்கை மாற்றிக் கொடுத்தோம். ரொக்கத்துக்கு வாங்கிப் போன வீடுகளுக்குக் கணக்கு ஏது? அவர்களிடம் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

இப்போது நாம் செய்வது: சிறிய மூட்டையாக வாங்குகிறோம். பிரித்த தேதியை மார்க்கரில் எழுதுகிறோம். பிரித்ததை இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, இருட்டான, உலர்ந்த மூலையில் வைக்கிறோம். டீத்தூள், அரிசி, எண்ணெய், மண்ணெண்ணெய் பக்கத்தில் வைப்பதில்லை. டாய்லெட் கழுவும் ஆசிட் அருகே வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடரைக் குடிநீருக்கென்று விற்பதில்லை.

கிணற்றுக்கு எவ்வளவு போடுவது? வாடிக்கையாளர் கேட்டால் நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான்கடி அகல உறையில் பத்தடி நீர் இருந்தால், 3.14 x 2 x 2 x 10, சுமார் 125 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 3,550 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். இந்தக் கிணற்றுக்கு 9 கிராம். வாளியில் முதலில் குழைத்து, பிறகு நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். மேல் நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பை உள்ளே கொட்டினால் கடினத்தன்மைதான் கூடும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்க வேண்டும். இரவில் போடுவது நல்லது. இதன் வேகம் சீக்கிரம் போய்விடும்; ஒரு நாள் போட்டுவிட்டு மாதம் முழுக்க இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. போர்வெல்காரர்கள் ஓவர்ஹெட் டேங்கில் இதே கணக்கில் போடலாம்.

வெள்ள நீர் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. நீரை இறைத்து, சேறு வாரி, உறையைத் தேய்த்துக் கழுவி, ஊறிய நீருக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் போட்டோம். நமது கிணற்றுக்கு 700 கிராம் ஆயிற்று. வீட்டுக் குழாய்களிலும் வாடை வரும் வரை திறந்துவிட்டு, ஓர் இரவு வைத்து, மறுநாள் வாடை போகும் வரை இறைத்தோம். அதுவரை யாரும் குடிக்கக் கூடாது.

தேற்றான்கொட்டையும் படிகாரமும் நம் கடைகளில் என்றும் விற்கும் சரக்கு. கலங்கலைப் படிய வைக்கும், நல்லதுதான். கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கக் கூடாது.

பிறகு லேப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். உப்புகளுக்கு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும். கிருமிக்கு அவர்கள் தரும் பாட்டிலிலேயே, வாய்ப்பகுதியில் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் சேர்க்க வேண்டும். கோலா பாட்டிலில் கொண்டு போனால் வீண் செலவு. ஐ.எஸ். 10500 தரப்படி 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்கு டி.டி.எஸ். 500 மி.கி., கடினத்தன்மை 200 மி.கி. வரை நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000, 600 வரை அனுமதி. நைட்ரேட் 45 மி.கி.யைத் தாண்டவே கூடாது.

நைட்ரேட்டைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செப்டிக் டேங்க் கசிவு பல வருடம் இறங்கினால் வரும் பொருள் அது. நிறமோ மணமோ இல்லை. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப் பாலில் கலந்து கொடுத்தால் உடம்பு நீலம் பாயும். பிளீச்சிங் பவுடருக்கும் புற ஊதா விளக்குக்கும் அது மசியாது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி, நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. மெஷின் குறைக்கும், ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளும். ரிப்போர்ட் கையில் இல்லாமல் மெஷின் வாங்குவது அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது போல. கிருமி மட்டுந்தான் குறை என்றால் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தாலே போதும்.

நமது கிணற்றில் 2024 மார்ச்சில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நைட்ரேட் 58. ஆகவே குளிக்க, துவைக்க மட்டும் கிணறு. குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர். குடோனில் வேலை செய்யும் பையன்களின் பானையிலும் இப்போது அதே நீர்தான். ஒவ்வொரு வருடமும் மழை முடிந்து தை மாதத்தில் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்து விடுகிறோம்.